இறக்குமதி வரியைக் கட்டுவது யார், சுமப்பது யார்: பல்லடத்துக் கேள்விக்கு ஒரு பதில்

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருபது தையல் மெஷின்களை வைத்துப் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, தைத்துத்தரும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். "அமெரிக்கா நம் சரக்குக்கு வரி போட்டால் அதை அங்கே இறக்குமதி செய்கிறவர்தானே கட்டுகிறார், பிறகு இங்கே ஏன் ஆர்டர் நிற்கிறது? வெளிநாட்டுப் பஞ்சுக்கு நாம் வரி போட்டால் நம் விவசாயிக்கு நல்லதுதானே, அதை எடுக்கச் சொல்லி மில்காரர்கள் ஏன் டெல்லிக்கு நடக்கிறார்கள்? அவர்கள் போட்டால் பதிலுக்கு நாமும் போட்டால் என்ன?" கடிதத்தின் கடைசியில், தன் அண்ணன் உடுமலைச் சாலையில் ஒரு சிறிய நூற்பாலையில் பங்குதாரர் என்றும், மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது என்றும் பேச்சுவாக்கில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் குடும்ப விவரம் கேள்விகளைவிட எனக்குப் பயன்பட்டது. இறக்குமதி வரியை நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் சண்டையாகவே செய்திகள் காட்டுகின்றன. திருப்பூரில் முப்பது ஆண்டுகள் ஏற்றுமதி ஆவணங்களோடு காலம் கழித்த எனக்கு, அது பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள், சில சமயம் ஒரே வீட்டுக்குள், நடக்கும் பங்கு பிரிப்பாகவே தெரிகிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான், அதில் ஐயமில்லை. சரக்கு அங்கே துறைமுகத்தில் இறங்கும்போது சுங்கத்துறைக்குப் பணம் செலுத்துவது அவர்; நம் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு டாலரும் போவதில்லை. ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர் ஒருவராகவும் அதன் சுமை இறங்கும் தோள் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

நான்கு டாலர் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது நம் துறைமுகத்தில் கப்பலேற்றுவதுவரையான விலையில், ஒரு பருத்தி டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். விலை எடுத்துக்காட்டுக்காகத்தான், வரி விகிதங்கள் 2025 ஆகஸ்ட் கடைசியில் உண்மையிலேயே இருந்தவை. பருத்திப் பின்னலாடை டி-சர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான வரியே 16.5 சதவீதம். இதன்மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியாவுக்கு 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதமும் ஏறின. ஆக அப்போது மொத்தம் 66.5 சதவீதம். நான்கு டாலர் சட்டைக்கு வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். கப்பல் வாடகையை விட்டுவிட்டால், வாங்குகிறவருக்கு அடக்கம் 6 டாலர் 66 சென்ட். அதே வேளையில் வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அதே நான்கு டாலர் சட்டை டாக்காவிலிருந்து போனால் அடக்கம் 5 டாலர் 46 சென்ட். நம் கம்பெனி அந்த விலைக்கு இறங்க வேண்டுமானால் நான்கு டாலர் சட்டையை 3 டாலர் 28 சென்டுக்குக் கொடுக்க வேண்டும், அதாவது 18 சதவீதம் தள்ளுபடி. நல்ல காலத்திலேயே நூற்றுக்கு ஐந்தோ ஆறோ கையில் நின்றால் போதும் என்று ஓடும் தொழிலில் பதினெட்டை எங்கிருந்து எடுப்பது?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்கா வரியை எஃப்.ஓ.பி. மதிப்பின் மேல்தான் கணக்கிடுகிறது, கடையில் விற்கும் விலையின்மேல் அல்ல. நான்கு டாலருக்குப் போகும் சட்டை அங்கே இருபது டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதக் கூடுதல் வரி என்பது இரண்டு டாலர், கடை விலையில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கடைக்காரர் கொஞ்சம், வாடிக்கையாளர் கொஞ்சம் என்று பகிர்ந்துகொண்டு விடலாம். எல்லா நாட்டுச் சரக்குக்கும் ஒரே வரி இருந்திருந்தால் ஏறக்குறைய அப்படித்தான் ஆகியிருக்கும்; திருப்பூரில் இவ்வளவு கலக்கம் இருந்திருக்காது. நம்மை அடித்தது 50 என்ற எண் அல்ல, 50-க்கும் 20-க்கும் நடுவில் இருந்த இடைவெளி. வரிக்கும் வரியின்மைக்கும் இடையிலான போட்டி அல்ல அது, திருப்பூருக்கும் டாக்காவுக்கும் திருப்பூருக்கும் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையிலான போட்டி.

மாற்று இருக்கிறவர் சுமையைத் தள்ளிவிடுவார். மாற்று இல்லாதவர் தோளில் அது உட்காரும். பொருளாதார நூல்கள் இதை நெகிழ்ச்சி என்ற சொல்லால் விளக்குகின்றன. அமெரிக்கப் பையருக்கு, அதாவது நம் சரக்கை வாங்குகிறவருக்கு, வேறு நாடு இருக்கிறது. இங்கே ஏற்றுமதியாளருக்கு ஐரோப்பா, பிரிட்டன் என்று ஓரளவு மாற்று இருக்கிறது, ஆனால் ஒரு சீசனுக்குள் மாற முடியாது. அளவு, துணியின் எடை, சான்றிதழ்கள் எல்லாமே வேறு. ஏற்றுமதியாளரிடம் வேலை வாங்கும் உங்களுக்கு இன்னும் குறைவு. வடமாநிலத் தொழிலாளி வேலை இல்லையென்றால் ரயிலேறி விடுவார். ஓவர்லாக் மெஷினுக்கு வாங்கிய கடன் ரயிலேறாது. எனவேதான் வாஷிங்டனில் போட்ட வரி பல்லடத்தில் பீஸ் ரேட்டை, ஒரு சட்டைக்கான தையல் கூலியை, குறைத்துக் கேட்கிறது.

அந்த ஆகஸ்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறக்குமதியாகும் சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதம் இல்லை என்று அறிவிப்பு வந்ததும், இரவு பகலாக அயர்னிங்கும் பேக்கிங்கும் நடந்தன; தூத்துக்குடிக்குப் போன கண்டெய்னர்களுக்கு வரிசை நின்றது. அந்த இரண்டு வாரமும் ஊரைப் பார்த்தவர் தொழில் அமோகம் என்றே நினைத்திருப்பார். பிறகு வந்த அமைதியில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஏற்கனவே வெட்டித் தைத்துப் பெட்டியில் கட்டிய சரக்குக்கே தள்ளுபடி கொடுத்து அனுப்பினார். பையர் கேட்டது நியாயமா என்று கேட்டேன். "அடுத்த சீசனுக்கு அவர் வேணுமுங்களே" என்றார். இறக்குமதியாளர் கட்டிய வரியின் ஒரு பகுதியைக் கொங்கு மண்ணில் கட்டிய கணக்கு அதுதான். எந்த நாட்டுச் சுங்க ரசீதிலும் அது ஏறாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2018-ல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மேல் வரி போட்டபோது, வெளிநாட்டு விற்பனையாளர் தம் விலையைக் குறைத்துச் சுமையைத் தாங்கிக்கொள்வார் என்று அந்நாட்டு அரசு சொன்னது. ஆய்வாளர்கள் சுங்கத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய முழுச் சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர்மீதே விழுந்திருந்தது. பல பொருள்களுக்குச் சீனாவை விட்டால் அன்று மாற்று இல்லை என்பது அதில் ஒரு காரணம். அதே ஆண்டு துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் போட்ட வரியின் கதை இன்னும் சுவையானது. துவைக்கும் இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது, ஏனென்றால் அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குகிறார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் சேர்ந்தே விலையை உயர்த்திக்கொண்டன. சுமார் 1,800 வேலைகள் கிடைத்தன. நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்த தொகையை அந்த வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. அந்த வேலையில் சேர்ந்தவரைப் பத்திரிகையில் படம் எடுத்துப் போடலாம். நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்த லட்சக்கணக்கானோரைப் படம் எடுக்க முடியாது. இறக்குமதி வரியின் அரசியல் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலேயே நடக்கிறது.

இனிப் பஞ்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் விவசாயிக்கும் கணக்கு ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 5 சதவீத அடிப்படைச் சுங்க வரி, 5 சதவீத வேளாண் உட்கட்டமைப்புத் தீர்வை, இரண்டின்மேலும் பத்து சதவீத சமூகநலக் கூடுதல் வரி என்று போட்டார்கள். மொத்தம் 11 சதவீதம். இந்தியா பஞ்சு ஏற்றுமதி செய்யும் நாடு, இறக்குமதி மிகக் குறைவு, ஆகவே பாதிப்பும் குறைவுதான் என்பது அப்போது கேட்ட வாதம். அது தவறான வாதம். உள்நாட்டில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சை விற்கிறவர், வெளியிலிருந்து வரும் பஞ்சு துறைமுகத்தில் என்ன விலைக்கு இறங்கும் என்று பார்த்துத்தான் தன் விலையின் உச்சியை வைக்கிறார். 11 சதவீத வரி அந்த உச்சியை 11 சதவீதம் உயர்த்திக் கொடுக்கிறது. ஒரு பேல், அதாவது ஒரு பஞ்சுப் பொதி, கூட இறக்குமதியாகாவிட்டாலும் உள்ளூர் விலை அந்த நிழலில் ஏறி நிற்க இடம் கிடைத்துவிடுகிறது. சாவடியில் வண்டி எதுவும் நிற்கவில்லை என்பதால் அங்கே சுங்கம் இல்லை என்று ஆகிவிடாது.

2022 மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறியதைக் கண்டித்துத் திருப்பூரிலும் கரூரிலும் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 14-ல், அரசு இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. ஆனாலும் விலை உடனே இறங்கவில்லை. உலகச் சந்தையிலேயே பஞ்சு அப்போது உச்சத்தில் இருந்தது, வாங்கிய பஞ்சு கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆகும். வரியை எடுத்தால் விலை மறுநாளே இறங்கும் என்று எதிர்பார்த்தவர்களும், இறங்கவில்லை என்பதால் வரிக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னவர்களும் ஒரே தவறைச் செய்தார்கள்.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஒரு வாசல் உண்டு. முன் அங்கீகாரம் என்ற திட்டத்தில், ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்துவிட்டு மூலப்பொருளை வரியின்றி இறக்கிக்கொள்ளலாம். ஆவணம், வங்கி உத்தரவாதம், ஏற்றுமதியைக் காட்டிக் கணக்கை முடிப்பது என்று அதற்கொரு நிர்வாகம் வேண்டும். பஞ்சிலிருந்து பெட்டி கட்டுவதுவரை ஒரே கூரையின்கீழ் செய்கிறவரால் அது முடியும். அண்ணன் நூல் நூற்று, வேறொருவர் நிட்டிங் செய்து, மூன்றாமவர் சாயம் போட்டு, நீங்கள் தைத்து, ஐந்தாமவர் ஏற்றுமதி செய்கிற நம் ஊர் முறையில் அந்த வாசல் யாருக்கும் சரியாகத் திறப்பதில்லை. எனவே ஒரே 11 சதவீதம் பெரியவருக்குப் பூஜ்யமாகவும் சிறியவருக்குப் பதினொன்றாகவும் ஆகிறது. வரியின் விளைவைப் பேசும்போது விகிதத்தைவிட விலக்கு யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, விவசாயிக்கு நல்லதுதானே என்ற கேள்வி. விலையின் உச்சி உயர்ந்தால் ஏதோ ஒரு பங்கு அவருக்கும் போகும். அதை மறுக்க மாட்டேன். 2025 ஆகஸ்ட் 19 முதல் வரியை நீக்கி, பிறகு அந்த விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்தபோது, அறுவடைக்கு முன் இப்படிச் செய்வது விலையை உடைக்கும் என்று விவசாயச் சங்கங்கள் எதிர்த்ததற்கு அடிப்படை இருந்தது. தமிழ்நாட்டு ஆலைகள் நூற்கும் பஞ்சில் மிகச் சிறு பங்குதான் இங்கே விளைகிறது, மீதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. ஆகவே வரியை எடு என்று சொல்வது கோவைக்கு எளிது, மகாராஷ்டிரத்தில் பருத்தி விளையும் விதர்பாவின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எளிதல்ல. ஆனால் என் கருத்தில் இறக்குமதி வரி விவசாயியைக் காப்பாற்ற மிக மழுங்கிய கருவி. நம் நாட்டில் ஒரு ஹெக்டேருக்கு விளையும் பஞ்சு 450 கிலோவை ஒட்டியே நிற்கிறது, உலகச் சராசரியைவிட மிகக் குறைவு. வரி அந்த விளைச்சலை ஒரு கிலோகூட உயர்த்தாது. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதரவு விலைக்கு இந்தியப் பருத்திக் கழகம் நேரடியாகக் கொள்முதல் செய்தால், அந்தப் பணம் விவசாயி கைக்குப் போகிறது, செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. வரி போட்டால் அதே செலவை ஜவுளித் தொழிலில் இருப்பவர் மட்டும் ஏற்கிறார், பலனில் இடைத்தரகரும் இருப்பு வைத்திருப்பவரும் தம் பங்கை எடுத்த பிறகே மீதி வயலுக்குப் போகிறது.

மிக நீள இழைப் பஞ்சின் கதை இதைவிடத் தெளிவு. கோவையில் உருவான சுவின் என்ற அருமையான ரகம் நம்மிடம் உண்டு. ஆனால் விளைச்சல் கைப்பிடி அளவு. உயர்ந்த எண் நூலுக்கு, அதாவது மிக மெல்லிய நூலுக்கு, அமெரிக்கப் பிமாப் பஞ்சும் எகிப்தின் கிசாப் பஞ்சும் வாங்கியே ஆக வேண்டும். அதற்கும் 2021-ல் அதே 11 சதவீதத்தைப் போட்டார்கள். இங்கே போதிய அளவில் விளையாத பஞ்சுக்கு வரி போட்டு எந்த விவசாயியைப் பாதுகாத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2024 பிப்ரவரியில் அதை நீக்கினார்கள்.

பொருளாதாரத்தில் ஒரு பழைய தேற்றம் இருக்கிறது. ஆபா லெர்னர் என்பவர் 1936-ல் காட்டியது: ஒரு நாடு தன் இறக்குமதிமேல் போடும் வரி, நீண்ட நாள் கணக்கில், தன் ஏற்றுமதிமேல் தானே போட்டுக்கொள்ளும் வரியாக முடிகிறது. முதலில் கேட்கும்போது மாயவித்தை போலத் தோன்றும். இறக்குமதி குறைந்தால் டாலர் கேட்பவர் குறைவார்கள், ரூபாய் சற்று வலுவாகும், ஏற்றுமதியாளருக்கு ஒரு டாலருக்குக் கிடைக்கும் ரூபாய் குறையும். பாதுகாக்கப்பட்ட தொழில்கள் ஆளையும் நிலத்தையும் மின்சாரத்தையும் தம் பக்கம் இழுப்பதால் அவற்றின் விலையும் ஏறும். தேற்றம் பல எளிய அனுமானங்களின்மேல் நிற்கிறது, நடப்பில் இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் திருப்பூருக்கு அந்தச் சுற்றுவழிகூடத் தேவையில்லை: பஞ்சுக்கு, இழைக்கு, பொத்தானுக்கு, ஜிப்புக்குப் போட்ட வரி நேராகச் சட்டையின் அடக்கத்தில் ஏறிவிடுகிறது.

அரசியலுக்கு வருகிறேன். ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் ரேயான் துணி நெய்கிற விசைத்தறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூலுக்கு மூலமான விஸ்கோஸ் இழையை இந்தியாவில் தயாரிப்பது பெரும்பாலும் ஒரே குழுமம்தான். வெளிநாட்டார் அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுப்பதற்கான பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி டம்பிங்) அந்த இழைமேல் பல ஆண்டுகள் இருந்தது. 2021 ஆகஸ்டில் அதை எடுத்தார்கள். தறிக்காரர்கள் மூச்சுவிட்டார்கள். 2023-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில், இந்தியத் தர முத்திரை பெற்ற ஆலையிலிருந்து மட்டுமே இழை வரலாம் என்று ஆனது; 2025 நவம்பரில்தான் அந்த ஆணையை விலக்கினார்கள். வரி என்ற சொல்லே அந்த ஆணையில் இல்லை, ஆனால் செய்த வேலை அதே வேலை. வரியாக இருந்தால் அரசுக்காவது வருமானம் வரும். ஒரு பக்கம் டெல்லியில் நிரந்தர அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர். மறுபக்கம் ஆளுக்கு ஆறு தறி, எட்டுத் தறி வைத்துக்கொண்டு கூலி உயர்வுக்கே ஆண்டுக்கணக்கில் போராடும் ஆயிரக்கணக்கானோர். கிலோவுக்குச் சில ரூபாய் என்பது தறிக்காரர் ஒவ்வொருவருக்கும் சிறு தொகை, இழை தயாரிப்பவருக்கோ அது பெரும் தொகை. யார் மனு முதலில் படிக்கப்படும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக, பாதுகாப்புக் கேட்பவரெல்லாம் பெரியவர், எதிர்ப்பவரெல்லாம் சிறியவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பல்லடமே கறிக்கோழிக்குப் பெயர் பெற்ற ஊர். அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறியை விரும்புவதால் அங்கே கால்கறி மலிந்து கிடக்கிறது. அதற்கு நாம் 100 சதவீத வரி வைத்திருக்கிறோம். அந்த வரி போனால் பண்ணைக் கூலிக்குக் குஞ்சு வளர்க்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சரியும். அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே கோழிப் பண்ணைத் தொழில், தீவனத்துக்கு வெளிநாட்டு மக்காச்சோளத்தை மலிவாக இறக்கவிடுங்கள் என்று கேட்கும். உடுமலையில் மக்காச்சோளம் போட்டவர் வேண்டாம் என்பார். தன் பொருளுக்கு மதில், தனக்கு வேண்டிய பொருளுக்குத் திறந்த வாசல் என்பது எல்லாருடைய கோரிக்கையும்தான். உங்கள் மாமனார் பாமாயிலுக்கு வரியை ஏற்றச் சொல்வார், அதில் அவருக்கு நியாயம் உண்டு. தேங்காய் எண்ணெய்க்குக் கிடைக்கும் விலை பாமாயிலின் விலையைச் சற்றேனும் பார்த்துத்தான் நகர்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலின் வரியை மொத்தம் 27.5 சதவீதமாக ஏற்றினார்கள். சமையல் எண்ணெய் விலை உயர்ந்து நுகர்வோர் முணுமுணுத்ததும் 2025 மே கடைசியில் 16.5 ஆக இறக்கினார்கள். எட்டு மாதத்தில் நடுவழியில் மாறுகிற வரியை நம்பி யாரும் தென்னங்கன்று நட முடியாது. அளவைவிட இந்த நிலையின்மைதான் அதிகக் கேடு என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சுக்கும் அதுவே நடந்திருக்கிறது.

வருமானத்துக்காகப் போடும் வரிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்குத் தங்கமே சாட்சி. நகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற கோவையில் இருப்பவருக்குத் தங்க வரியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். வரி 15 சதவீதத்தை எட்டியபோது, கடத்தல்காரருக்கு அந்தப் பதினைந்தும் லாபமாக நின்றது. 2024 ஜூலையில் அதை 6 ஆகக் குறைத்தபோது அரசு சொன்ன காரணங்களில் கடத்தலைத் தடுப்பதும் அடங்கும்.

கடைசிக் கேள்வி, பதிலுக்குப் போட்டால் என்ன. போட்டிருக்கிறோம். 2019 ஜூனில் அமெரிக்கா நமக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை விலக்கிக்கொண்டதும், பாதாம், வால்நட், ஆப்பிள், பருப்பு உள்ளிட்ட 28 பொருள்களுக்கு நாம் வரியை ஏற்றினோம். கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் விளையும் பொருள்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: அங்கத்துத் தோட்டக்காரர் தம் பிரதிநிதியிடம் போய்ச் சத்தம் போடுவார். 2023-ல் பேச்சுவார்த்தைக்குப் பின் பாதாம், வால்நட், ஆப்பிள் போன்ற சில பொருள்களின்மேல் ஏற்றியிருந்த அந்தக் கூடுதல் வரியை எடுத்தோம். பதிலடி எப்போதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்கிறவர் சந்தை நமக்கு எவ்வளவு வேண்டும், நம் சந்தை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தது அது.

நம் வரலாற்றிலேயே இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. 1896-ல் வெள்ளைக்கார அரசு இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீத வரி போட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகள் முறையிடுவார்கள் என்பதற்காக இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதத்தை உள்நாட்டில் போட்டு ஈடுகட்டியது. ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை கோவையில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த உள்நாட்டு வரி 1925 கடைசியில்தான் நிறுத்தப்பட்டது. 1930களில் நிலைமை திரும்பியது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்த அதே ஆண்டுகளில் வெளிநாட்டுத் துணிமேல் வரி படிப்படியாக ஏறி, 1933-ல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 75 சதவீதத்தைத் தொட்டது, குறி ஜப்பான்தான். கோவையில் ஆலைகள் பெருகியதற்கு மின்சாரத்தோடு அந்த மதிலும் ஒரு காரணம் என்பதை வரியை எதிர்க்கும் நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஜப்பான் சும்மா இருக்கவில்லை. துணிக்குத் துணியால் பதில் சொல்லாமல், இந்தியப் பஞ்சை வாங்குவதை நிறுத்தியது. மதில் ஆலைக்காரருக்காக எழுந்தது. அதற்கு வந்த அடி பருத்தி விவசாயியின்மேல் விழுந்தது. 1934-ல் ஒப்பந்தம் செய்து வரியை 50 ஆகக் குறைத்து, ஜப்பான் எவ்வளவு பஞ்சு வாங்குகிறதோ அதற்கேற்ப அவ்வளவு துணியை இங்கே விற்கலாம் என்று முடிச்சுப் போட்டார்கள். எய்தவர் ஒருவர், அம்பு தைத்தது வேறொருவருக்கு.

ஆகவே 2025 ஆகஸ்டில் நாம் என்ன செய்தோம் என்பதைத் தேதி வாரியாகப் பாருங்கள். 27-ஆம் தேதி நம்மேல் வரி 50 சதவீதம் ஆகப் போகிறது என்பது தெரிந்திருந்தது. 19-ஆம் தேதி நாம் பஞ்சின் வரியை 11-லிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினோம், நமக்குப் பஞ்சு விற்பவர்களில் அமெரிக்காவும் உண்டு என்று தெரிந்தே. அது அமெரிக்காவுக்குப் பணிந்தது என்று சிலர் எழுதினார்கள். அந்த நோக்கமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் மில்களும் பனியன் கம்பெனிகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது 2021-லிருந்தே. வெளியில் அடி விழுந்த நாளில்தான், உள்ளே நாமே கட்டி வைத்திருந்த கட்டை அவிழ்க்க வழி பிறந்தது. உங்கள் அண்ணன் அந்த நான்கு மாத விலக்கில் இறக்குமதிப் பஞ்சுக்கு ஒப்பந்தம் போட்டாரா, நூல் விலையில் அது உங்களுக்கு எவ்வளவு இறங்கி வந்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.